அடித்த ஹோம் ரன்னை அழித்த மழை! - பகடை பேஸ்பாலில் வானத்துக்கு இடம் உண்டா?

மழை வந்தால் கிரிக்கெட்டில் கால்குலேட்டரைத் தேடுகிறோம். பேஸ்பாலில் என்ன செய்கிறார்கள்? பேஸ்பாலைச் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டியும் கணினியிலும் ஆடுபவர்கள் அந்த மழையை என்ன செய்கிறார்கள்? ஒரு சின்னக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது!

1961 ஜூலை 17. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். நியூயார்க் யாங்கீஸ் அணி அங்கே போய், உள்ளூர் ஓரியோல்ஸ் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிறது. இரண்டாவது ஆட்டத்தில் யாங்கீஸ் வீரர் ராஜர் மாரிஸ் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புகிறார். ஹோம் ரன்! அவருடைய சக வீரர் மிக்கி மேன்ட்டிலும் தன் பங்குக்கு ஒன்று அடிக்கிறார். ஐந்தாவது இன்னிங்ஸ் நடக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. ஆட்டம் ரத்து.

ரத்து என்றால் வெறும் ரத்து அல்ல. அன்றைய விதிப்படி, ஐந்து இன்னிங்ஸ் முடியாத ஆட்டம் நடக்கவே இல்லை என்று கணக்கு. அடித்த ரன், எடுத்த விக்கெட் மாதிரியான அவுட், எல்லாமே அழிந்துபோகும். மாரிஸின் ஹோம் ரன்னும் மேன்ட்டிலின் ஹோம் ரன்னும் ஏட்டில் ஏறவில்லை.

வேறொரு வருஷமாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1961ல் இந்த இருவரும் துரத்திக்கொண்டிருந்தது பேப் ரூத்தின் சாதனையை. 1927ல் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். அப்போது சீசனுக்கு 154 ஆட்டம். 1961ல் அது 162 ஆனது. 'கூடுதல் ஆட்டம் ஆடி முந்தினால் எப்படிச் சமமாகும்?' என்ற சச்சரவு எழுந்தது. அதே ஜூலை 17 அன்றுதான் பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் ஒரு முடிவை அறிவித்தார். 154 ஆட்டத்துக்குள் ரூத்தைத் தாண்டினால் சரி, அதற்குப் பிறகு என்றால் சாதனைப் புத்தகத்தில் தனியாகத்தான் குறிப்போம் என்றார்.

154 ஆட்டக் கெடு முடிந்தபோது மாரிஸின் கணக்கில் இருந்தது 59. அக்டோபர் 1, சீசனின் கடைசி நாளில்தான் 61வது ஹோம் ரன்னை அடித்தார். மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், பால்டிமோரில் மட்டும் மழை கொஞ்சம் பொறுத்திருந்தால், கெடு முடியும்போதே அவர் ரூத்துக்குச் சமமாக நின்றிருப்பார்.

அதே 1961ல்தான் நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மன் என்ற இளைஞர் ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். நிஜ பேஸ்பால் வீரர்களை அட்டைகளாக மாற்றி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். பதினோரு வயதில் அவர் மனதில் முளைத்த யோசனை அது. அன்று முதல் இந்தப் பாவனை ஆட்டக்காரர்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு: என் மேசையில் மழை பெய்ய வேண்டுமா, வேண்டாமா?

புக் கிரிக்கெட்டின் அண்ணன்

நமக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் ஆடிய புக் கிரிக்கெட் ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தைத் திறந்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். டெண்டுல்கரும் கும்ப்ளேயும் நம் கையில் ஒன்றுதான், இருவரும் ஒரே மாதிரி ரன் எடுப்பார்கள். அதுதான் அதிலிருந்த குறை.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவை இந்தப் பகடை ஆட்டங்கள். 1951ல் 'ஆப்பா' என்ற ஆட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய நிஜமான சீசன் கணக்கை வைத்து ஓர் அட்டை. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடை உருட்டுவார்கள். ஒரு பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை விழுந்தால் பந்தை எறியும் பிட்ச்சரின் அட்டையைப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை, அட்டையில் எந்த வரி என்று சொல்லும். நல்ல பேட்டரின் அட்டையில் ஹோம் ரன் வரிகள் அதிகம். நல்ல பிட்ச்சரின் அட்டையில் அவுட் வரிகள் அதிகம். ஒரு சீசன் முழுக்க உருட்டிப் பார்த்தால், நிஜக் கணக்குக்கு ஆச்சரியமான அளவு பக்கத்தில் வந்து நிற்கும்.

பிறகு கணினி வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய 'அவுட் ஆஃப் தி பார்க்' இன்றைக்கு இந்த உலகத்தில் பெரிய பெயர். இதெல்லாம் பொழுதுபோக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். 1981ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் நட்சத்திர ஆட்டம் நின்றுபோனபோது, அது நடக்கவேண்டிய கிளீவ்லாந்து மைதானத்திலேயே ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை வைத்துப் பகடை உருட்டி ஆடினார்கள். 2020ல் கொரோனாவால் சீசன் தள்ளிப்போனபோது, புகழ்பெற்ற புள்ளிவிவரத் தளமான பேஸ்பால் ரெஃபரன்ஸ், கணினிப் பாவனை மூலம் தினமும் முடிவுகளை வெளியிட்டது. மைதானம் பூட்டியிருந்தாலும் ரசிகர்களுக்கு காலையில் படிக்க ஒரு ஸ்கோர் கிடைத்தது.

டக்வொர்த் லூயிஸ் எதற்கு?

மழையை மேசைக்குக் கொண்டுவருமுன், பேஸ்பால் மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அது கிரிக்கெட் மழையிலிருந்து ரொம்பவே வித்தியாசமானது.

கிரிக்கெட்டில் ஓர் அணி முழுக்க ஆடி முடித்த பிறகே மற்ற அணி மட்டை பிடிக்கிறது. நடுவில் மழை வந்தால் இருவருக்கும் சம வாய்ப்பு இல்லை. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு, மழைக்குப் பிறகு ஒரே ஒரு பந்துதான் மிச்சம் என்று ஸ்கோர்போர்டு காட்டியதை மறக்க முடியுமா? அந்த அநியாயத்துக்குப் பிறகுதான் டக்வொர்த்-லூயிஸ் வந்தது. நம் டி.என்.பி.எல். போட்டிகளில் கேரளத்துப் பொறியாளர் ஜெயதேவனின் வி.ஜே.டி. முறையும் பயன்பட்டிருக்கிறது. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் 15 ஓவரில் 171 என்ற இலக்கைத் துரத்திக் கோப்பையை வென்றதும் மழைக் கணக்கில்தான்.

பேஸ்பாலில் இந்தக் கணக்கு தேவையே இல்லை. ஓர் இன்னிங்ஸில் வெளியூர் அணி மூன்று அவுட் ஆகும்வரை ஆடும், பிறகு உள்ளூர் அணி மூன்று அவுட் வரை ஆடும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். எந்த இன்னிங்ஸின் முடிவில் நிறுத்தினாலும் இருவரும் சம எண்ணிக்கையில் ஆடியிருப்பார்கள். அதனால் விதி எளிமையானது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், மழையால் நின்றாலும் அது முழு ஆட்டமாகவே எண்ணப்படும். முன்னணியில் இருப்பவருக்கு வெற்றி. உள்ளூர் அணி முன்னணியில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும்.

இன்னொரு சுவாரசியம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது உள்ளூர் அணி. ஆட்டக்காரர் பட்டியல் அம்பயர் கைக்குப் போன நிமிஷத்திலிருந்து முடிவு அம்பயருடையது. அவரும் மழையைக் கண்டவுடன் ரத்து செய்துவிட முடியாது. குறைந்தது 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்கு உச்சவரம்பு கிடையாது. 1990 ஆகஸ்டில் சிகாகோவில் 7 மணி 23 நிமிஷம் காத்திருந்து, கடைசியில் 'இன்றைக்கு ஆட்டம் இல்லை' என்று அனுப்பிவைத்தார்கள்!

அமெரிக்க ஆங்கிலத்தில் யாராவது அழைத்தால் 'இன்னொரு நாள் வருகிறேன்' என்று நாசூக்காகச் சொல்ல 'ரெயின் செக்' என்பார்கள். மழையால் நின்ற பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்தவர்கள் வேறொரு நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுத்த துண்டுச் சீட்டுதான் அந்தச் சொல்லின் பிறப்பிடம்.

பகடைக்கு ஞாபகசக்தி இல்லை

சரி, மேசைக்கு வருவோம். மழையைச் சேர்க்க நினைக்கும் புதியவர் முதலில் செய்யும் தவறு, அளவுக்கு மீறிப் பெய்யவைப்பது.

ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் இரண்டு பகடை உருட்டுவோம், இரண்டிலும் ஒன்று விழுந்தால் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 36ல் ஒரு வாய்ப்புதானே, குறைவாகத் தெரிகிறது. ஆனால் ஒன்பது முறை உருட்டினால் 100 ஆட்டத்தில் 22 ஆட்டங்களில் மழை வந்துவிடும். பேஸ்பால் அல்ல, படகுப் போட்டிதான் நடத்த வேண்டும். மூன்று பகடையாக்கி மூன்றிலும் ஒன்று விழ வேண்டும் என்றால், 100க்கு 4 ஆட்டம். 162 ஆட்ட சீசனில் ஆறோ ஏழோ. இது பரவாயில்லை என்று தோன்றும்.

ஆனால் எண்ணிக்கை சரியானாலும் நிஜமாகிவிடாது. மழை தனித்தனியாக வருவதில்லை, சேர்ந்து வருகிறது. இதற்கு லாஸ் ஏஞ்சலீஸின் டாட்ஜர் மைதானத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. மழையே அபூர்வமான ஊர் அது. 1988 ஏப்ரலில் அங்கே அடுத்தடுத்து மூன்று நாள் ஆட்டம் மழையால் நின்றது. அதற்குப் பிறகு? 1999 ஏப்ரல் வரை, தொடர்ச்சியாக 856 ஆட்டங்களில் ஒன்றுகூட மழையால் ரத்தாகவில்லை! மூன்று நாள் விடாமல் மழை, பிறகு பதினொரு வருஷம் வறட்சி. பகடையை எப்படி உருட்டினாலும் இப்படி வராது. நேற்று என்ன விழுந்தது என்பது பகடைக்கு ஞாபகம் இருக்காது. மேகத்துக்கு இருக்கும்.

ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். கூரை போட்ட மைதானத்துக்கு மழையே கிடையாது என்று எழுதிவிடலாமா? அதிலும் அவசரப்படக் கூடாது. 1965ல் ஹூஸ்டனில் திறந்த ஆஸ்ட்ரோடோம், முழுக்க மூடிய மைதானம். 1976 ஜூன் 15 அன்று அங்கேயும் மழையால் ஆட்டம் நின்றது. கூரை ஒழுகவில்லை. ஊரே வெள்ளத்தில் மிதந்ததால் அம்பயர்களும் ரசிகர்களும் வந்துசேர முடியவில்லை. சென்னையில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சின்ன அணிக்கு மழை நண்பன்

மழை ஆட்டத்தைச் சுருக்கினால் யாருக்கு லாபம்? பலவீனமான அணிக்கு. ஏன் என்று ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

100க்கு 60 தடவை தலை விழும் கோணல் நாணயம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைதான் பலமான அணி. ஒன்பது முறை சுண்டி அதிகம் விழுந்தவர் வெற்றி என்றால், தலை 100க்கு 73 தடவை ஜெயிக்கும். ஐந்தே முறை சுண்டினால் 68 தடவைதான். ஆட்டம் சுருங்கச் சுருங்க அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. டெஸ்ட்டில் தோற்கும் அணி டி20ல் ஜெயிப்பதும் இதனால்தான்.

ஆக, மழையே இல்லாத பாவனை ஆட்டம் பலமான அணிக்குக் கொஞ்சம் சலுகை செய்கிறது. ரொம்ப இல்லை, கொஞ்சம். ஆனால் சீசன் கடைசியில் ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் இரு அணிகள் நிற்கும்போது, அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே.

வானத்தைப் பார்க்கும் மேனேஜர்

உண்மையில் ஆட்டத்தை மாற்றுவது மழைகூட அல்ல, மழை வரப்போகிறது என்ற நினைப்பு. இங்கேதான் பாவனை ஆட்டங்கள் திணறுகின்றன.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நாலாவது இன்னிங்ஸ் ஓடுகிறது. முன்னணியில் இருக்கும் அணி சீக்கிரம் அவுட்டாகி, சீக்கிரம் ஐந்தாவது இன்னிங்ஸைத் தொடத் துடிக்கும். பின்தங்கிய அணிக்கு ஷூ கயிறு அவிழும், பிட்ச்சரை மாற்றத் தோன்றும், மேனேஜர் அம்பயரிடம் நீண்ட நேரம் பேசுவார். 1954 ஜூலை 18ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 8-1 என்று பின்தங்கியிருந்தது. முதல் ஆட்டம் மழையால் தாமதமாகி, இரண்டாவது ஆட்டத்தில் இருட்டிக்கொண்டு வந்த நேரம். ஐந்தாவது இன்னிங்ஸை முடியவிடாமல் இழுத்தடித்தார்கள். பொறுத்துப் பார்த்த அம்பயர், ஆட்டத்தை எதிரணியான ஃபிலடெல்ஃபியாவுக்கே கொடுத்துவிட்டார்.

அப்புறம் பிட்ச்சரின் கை. ஒரு மணி நேரம் மழைக்கு ஒதுங்கினால் சூடான தோள் இறுகிவிடும். திரும்ப அவரையே எறியவைத்தால் காயம் படும் என்று மேனேஜர்கள் பயப்படுவார்கள். அதனால் நன்றாக எறிந்துகொண்டிருந்த முதல் பிட்ச்சர் மழைக்குப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. மழை வரும் என்று தெரிந்தால் சிறந்த பிட்ச்சரை அன்றைக்கு இறக்கவே யோசிப்பார்கள். இரண்டு இன்னிங்ஸ் எறிந்து, மழையில் நின்று, அவர் அடுத்த சில நாளும் ஓய்வில் போய்விட்டால் யாருக்கு நஷ்டம்?

பகடை உருட்டி 'மழை, ஆட்டம் முடிந்தது' என்று அறிவிக்கும் ஆட்டத்தில் இந்தத் தவிப்பு எதுவும் கிடையாது. நிஜம் வேண்டுமென்றால் மழையைவிட வானிலை அறிக்கைதான் முதலில் வேண்டும். அந்த அறிக்கை அவ்வப்போது பொய்க்கவும் வேண்டும்.

எல்லாவற்றையும் அட்டையில் எழுதிவிட முடியாது என்பதும் உண்மை. 1985ல் அதே செயின்ட் லூயிஸ் அணியில் வின்ஸ் கோல்மன் என்ற புதிய வீரர், 110 தடவை பேஸ் திருடி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். அக்டோபர் 13 அன்று ஆட்டத்துக்கு முன், தூறல் விழுந்ததால் மைதானத்தை மூடும் தானியங்கித் தார்ப்பாய் உருண்டு வந்தது. அவர் கவனிக்கவில்லை. அது அவர் கால்மேல் ஏறிவிட்டது. அந்தச் சீசனில் அவர் திரும்ப ஆடவில்லை. அவர் இல்லாமலே அணி உலகத் தொடர்வரை போய், ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. நாட்டிலேயே வேகமாக ஓடியவரை நத்தை வேகத்தில் வந்த தார்ப்பாய் பிடித்துவிட்டது! இதற்கு எந்தப் பகடையில் எண் ஒதுக்குவது?

பழைய சீசனை மறுபடி ஆடுபவர்களின் தலைவலி

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு தனிப் பிரிவினர் உண்டு. நடந்து முடிந்த ஒரு சீசனை எடுத்துக்கொண்டு, முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை ஒவ்வொன்றாகப் பகடை உருட்டி ஆடுவார்கள். ஒரு சீசனுக்கு வருஷக்கணக்கில்கூட ஆகும்.

அவர்கள் 1961ஐ எடுத்தால், ஜூலை 17 வரும்போது என்ன செய்வது? முதலில் அச்சிட்ட அட்டவணைப்படி ஆடினால் அன்று இரண்டாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸும் நடக்கும். நிஜத்தில் நடந்தபடி ஆடினால் அந்த ஆட்டமே பட்டியலில் இருக்காது.

அடுத்த சிக்கல் இன்னும் பொல்லாதது. நிஜத்தில் ஆறாவது இன்னிங்ஸில் மழையால் நின்ற ஓர் ஆட்டம், உள்ளூர் அணி 3-2 என்று ஜெயித்தது. மேசையில் ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது 4-4 சமநிலை. இப்போது மழையைக் கொண்டுவருவதா? கொண்டுவந்தால், பழைய விதிப்படி ரன் கணக்கை வைத்துக்கொண்டு, முழு ஆட்டத்தையும் வேறொரு நாள் மறுபடி ஆட வேண்டும். அட்டவணையில் இல்லாத ஒரு நாளைத் தேட வேண்டும். நிஜத்தைக் காப்பாற்றப் போய் நிஜத்தில் இல்லாத ஓர் ஆட்டம் முளைக்கிறது!

பலர் மழையைத் தள்ளிவைப்பது சோம்பலால் அல்ல. அட்டையில் இருப்பது ஒரு வீரர் ஒவ்வொரு முறை களமிறங்கும்போது என்ன நடக்கும் என்ற விகிதம். ஆட்டம் ஐந்து இன்னிங்ஸா ஒன்பதா என்பது அந்த விகிதத்தை மாற்றாது. கூட்டுத்தொகையைத்தான் மாற்றும். திறமையை அளக்க வந்தவருக்கு மழை வேண்டாம். அந்த வருஷத்தை வாழ்ந்து பார்க்க வந்தவருக்கு மழை வேண்டும். இரண்டு பேரும் சரிதான்.

மழை கொடுத்ததும் பறித்ததும்

மழை பறிப்பது மட்டுமல்ல, சிலசமயம் கொடுக்கவும் செய்கிறது. எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் ஆட்டத்தை முடிப்பது பிட்ச்சரின் பெருங்கனவு. 'நோ ஹிட்டர்' என்பார்கள். 1988 செப்டம்பர் 24ல் மான்ட்ரியால் அணியின் பாஸ்குவல் பெரெஸ் ஐந்து இன்னிங்ஸ் அப்படி எறிந்திருந்தபோது மழை ஆட்டத்தை முடித்துவைத்தது. நோ ஹிட்டர்! 1990 ஜூலை 12ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் மெலிடோ பெரெஸ், ஆறு இன்னிங்ஸ், மழை, நோ ஹிட்டர்! இருவரும் அண்ணன் தம்பி. ஒரே வீட்டில் இரண்டு மழைச் சாதனை.

1991 செப்டம்பரில் பேஸ்பாலின் புள்ளிவிவரக் குழு கூடியது. இனி ஒன்பது இன்னிங்ஸாவது முழுமையாக ஆடினால்தான் நோ ஹிட்டர் என்று தீர்மானித்தது. ஏறக்குறைய 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து வெளியேறின. பெரெஸ் சகோதரர்களின் இரண்டும் அதில் போயின.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானம். 1961ல் ஃப்ரிக் போட்ட கோட்டை அழித்தார்கள். ராஜர் மாரிஸின் 61, எந்த அடிக்குறிப்பும் இல்லாத முழுச் சாதனை ஆனது. மழை பறித்த மனிதருக்கு ஒரு வழியாக நியாயம் கிடைத்தது. ஆனால் அதைக் கேட்க மாரிஸ் இல்லை. 1985லேயே காலமாகிவிட்டார்.

விதிகளும் மாறிக்கொண்டே வந்தன. 2008 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஃபிலடெல்ஃபியாவில் கொட்டும் மழையில் 2-2 என்று ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் நின்றது. ஃபிலடெல்ஃபியா தொடரில் 3-1 என்று முன்னணியில் இருந்தது. மழை தயவில் ஒரு சாம்பியன் உருவாகிவிடக் கூடாது என்று ஆணையர் பட் செலிக் உறுதியாக இருந்தார். இரண்டு நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து ஆடி, 4-3 என்று ஃபிலடெல்ஃபியா கோப்பையை வென்றது. மறு வருஷம் முதல், சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களைச் சுருக்கக் கூடாது என்று விதி வந்தது. 2020 முதல், ஐந்து இன்னிங்ஸுக்கு முன் நிற்கும் ஆட்டங்களையும் அழிப்பதில்லை. பின்னொரு நாள் தொடர்கிறார்கள். மாரிஸுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேராது.

அந்தப் புதிய விதி ஒரு வேடிக்கையையும் கொண்டுவந்தது. 2024 ஜூன் 26ல் பாஸ்டனில் டொராண்டோவுக்காக டேனி ஜேன்சன் மட்டை பிடித்து நின்றபோது மழையால் ஆட்டம் நின்றது. இடையில் அவர் பாஸ்டன் அணிக்கே மாற்றப்பட்டார். ஆகஸ்ட் 26ல் ஆட்டம் தொடர்ந்தபோது, அவர் விட்டுவிட்டுப் போன இடத்தில் வேறொருவர் மட்டை பிடிக்க, பின்னால் பாஸ்டனின் கேட்ச்சராகக் குந்தியிருந்தவர் அதே ஜேன்சன்! ஒரே ஆட்டத்தில் இரு அணிக்கும் ஆடிய முதல் பெரிய லீக் வீரர் அவர். இதை ஒரு கணினி விளையாட்டில் பார்த்திருந்தால் 'மென்பொருளில் பிழை' என்றுதான் சொல்லியிருப்போம்.

வீட்டிலேயே மழை பெய்ய வையுங்கள்!

பிள்ளைகளோடு புக் கிரிக்கெட்டோ பகடை ஆட்டமோ ஆடுகிறீர்களா? மழையைச் சேர்க்க ஓர் எளிய வழி:

• ஆட்டத்துக்கு முன் ஒரு பகடை. 1, 2, 3 என்றால் தெளிந்த வானம். 4, 5 என்றால் மேகமூட்டம். 6 என்றால் கருமேகம்.

• ஒவ்வொரு ஓவர் அல்லது இன்னிங்ஸ் முடிவிலும் இரண்டு பகடை. தெளிந்த வானத்தில் மழை இல்லை. மேகமூட்டத்தில் இரண்டும் 1 விழுந்தால் மழை. கருமேகத்தில் கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மழை.

• மழை வந்தால் இன்னொரு பகடை. 1 முதல் 4 வரை என்றால் ஆட்டம் தொடரும், ஆனால் பந்து போடுபவரை மாற்றியாக வேண்டும். 5, 6 என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

• நேற்று மழை பெய்திருந்தால், இன்றைய முதல் பகடையில் 2 கூட்டிக்கொள்ளுங்கள். பகடைக்கு ஞாபகசக்தி கொடுக்கும் வித்தை இது. ஐப்பசி, கார்த்திகையில் 3 கூட்டினாலும் தப்பில்லை.

வானம் எப்படி என்று இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், மழை எப்போது என்று தெரியக் கூடாது. அப்போதுதான் பிள்ளைகள் அவசரப்படுவதையும் இழுத்தடிப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.

அந்த 17 நிமிஷம்

கடைசியாக ஒரு மழை. 2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து. உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டம். 1908க்குப் பிறகு கோப்பையே பார்க்காத சிகாகோ கப்ஸ், நல்ல முன்னணியைக் கோட்டைவிட்டுவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6. வீரர்களின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து மழை. தார்ப்பாய் விரிந்தது.

17 நிமிஷம்தான். கப்ஸ் வீரர் ஜேசன் ஹேவர்ட் எல்லோரையும் உடற்பயிற்சி அறைக்குள் கூட்டிப்போய்ப் பேசினார். அந்தத் தொடரில் அவருடைய மட்டை சரியாகப் பேசவில்லை, ஆனால் அன்று அவர் பேசினார். மழை விட்டது. பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்து, 8-7 என்று ஜெயித்து, 108 வருஷக் காத்திருப்பை முடித்தார்கள்.

மழை வராவிட்டாலும் ஜெயித்திருப்பார்களா? யாராலும் சொல்ல முடியாது. அதே ஆட்டத்தை அட்டையும் பகடையும் வைத்து ஆயிரம் தடவை ஆடிப் பார்க்கலாம். சிலமுறை சிகாகோ ஜெயிக்கும், சிலமுறை கிளீவ்லாந்து. ஆனால் மழைக்கு ஒதுங்கிய அந்த அறையில் என்ன நடந்தது என்பதற்கு எந்த அட்டையிலும் வரி இல்லை. அதனால்தானோ என்னவோ, சிலர் மூன்று பகடையை உருட்டிவிட்டு, மழை என்று வந்தால் உடனே அடுத்து உருட்டுவதில்லை. எழுந்துபோய் ஒரு காபி போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த முறை மழையால் மேட்ச் நின்றால் டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். ஆட்டம் அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.